சாயாத மேசை

உடைந்தது ஒரு திருகு. அதோடு விட்டிருந்தால் சேதமும் அதோடு நின்றிருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு துறையே கிளம்பியதால் வந்த வினைதான் மற்றதெல்லாம்.

நகரக் கட்டடத் துறையின் மாடியில், ஜன்னலோர அறையில் ஒரு வரைமேசை இருந்தது. வரைமேசையைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை: மற்ற மேசைகளுக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், அதன் பலகை சாயும். பின்பக்கத்தை உயர்த்தித் திருகை முடுக்கினால் பலகை சாய்ந்தபடி நிற்கும். வரைகிறவர் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பார்க்கலாம். திருகு உடைந்தால் பலகை படுத்துவிடும். அதன்பிறகு சாய வேண்டியது வரைகிறவர்தான்.

வரைவாளர் சாய்ந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். சாக்கடையிலிருந்து நீதிமன்றம்வரை ஊரில் எல்லாவற்றையும் கோடாகவே பார்த்துப் பழகியவர். கணினி வந்துவிட்டதே, இன்னுமா கையால் வரைகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். கணினி வந்தது. தலைமைப் பொறியாளரின் அறையில் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. தூசி படக் கூடாது என்று அதை யாரும் தொடுவதில்லை.

ஒரு மழைக்காலம் முழுக்கக் குனிந்து வரைந்ததில் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. மருத்துவர் கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நரம்பு நசுங்குது. மாத்திரை தரேன், ஆனா மாத்திரையால பெருசா ஒன்னும் ஆகப்போறதில்ல. குனிஞ்சு வேலை செய்றத நிறுத்துங்க. இப்ப மரத்துப்போறது விட்டு விட்டு வருது. இப்படியே போனா ஒரு நாள் வந்து அப்படியே தங்கிடும்."

"தங்கிட்டா?"

"அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனமில்ல."

பலகை நிமிர்ந்தால் கை பிழைக்கும், இல்லாவிட்டால் போகும். விஷயம் இவ்வளவுதான். பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். துறைக்குப் புரிய வேண்டுமே.

வரைவாளர் கண்காணிப்பாளரிடம் போனார். குண்டூசி முதல் கூரைவரை அந்த அலுவலகத்தின் எல்லாப் பொருளும் கண்காணிப்பாளரின் பொறுப்பு. பொறுப்பு என்றால் கேட்டதைக் கொடுப்பது என்று அர்த்தமில்லை.

"ஒரு திருகு வேணும் சார். மேசைக்கு."

"திருகுன்னா அது பழுதுபார்ப்பு. பழுதுபார்க்கிற செலவு, பொருளோட மதிப்புல பாதியைத் தாண்டக் கூடாது. அது விதி. உங்க மேசையோட மதிப்பு என்ன?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. முழுசே தெரியாதப்ப பாதி எவ்வளவுன்னு எப்படிங்க சொல்றது? பாக்கலாம்."

கண்காணிப்பாளர் கேட்கிற கேள்வியெல்லாம் அப்படித்தான், கேட்டதும் நியாயமாகப் படும். படி இறங்கி முடிக்கும்போதுதான் வயிறு எரியும்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். 'கொஞ்சம் இருங்க' என்று சொல்லிவிட்டு மறந்துபோகிறவர்களின் குரல் அவளுக்கு அத்துப்படி.

"கடைசியா என்னங்க சொன்னார் அவர்?"

"பாக்கலாம்னார்."

"அப்ப நடக்காது. என் தம்பியக் கூட்டிட்டுப் போங்க."

தம்பி சைக்கிள் பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தவன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஸ்பானரோடு மாடியேறி வந்தான். மேசைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு திருகை எடுத்தான்.

"இதுக்கா மாமா அக்கா அந்தப் பாடு பட்டா? சைக்கிள் சீட்டுக்குப் போடற திருகுதான் இது. நீங்க பலகையப் புடிங்க."

முடுக்கிவிட்டு, எண்ணெய்க் கையைச் சுவரில் துடைத்துவிட்டுப் போய்விட்டான். அன்று பிற்பகல் முழுவதும் வரைவாளர் நிமிர்ந்து உட்கார்ந்து வரைந்தார். கழுத்து இருப்பதே தெரியவில்லை. விரல்களில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இனிமேல் சொல்ல வாய்ப்பு வருமோ என்னவோ.

வரைவாளர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைக் கண்காணிப்பாளர் கதவு வழியாகப் பார்த்தார். அந்த அலுவலகத்தில் ஒருவர் சௌக்கியமாக இருப்பது தெரிந்தால் எங்கேயோ விதி மீறப்பட்டிருக்கிறது என்று பொருள். உள்ளே வந்து குனிந்து பார்த்தார்.

"அரசாங்க மேசையில தனியார் திருகு."

"மச்சினன் சும்மாதான் போட்டுக் குடுத்தான் சார்."

"நாளைக்கு இந்த மேசைய ஏலம் விடறோம்னு வைங்க. உங்க மச்சினன் வந்து, என் திருகு அதுல இருக்கு, எனக்கும் பங்கு உண்டுன்னு நின்னா?"

"கேக்க மாட்டான் சார்."

"கேக்க மாட்டேன்னு அவர் சொல்லணும். நீங்க எப்படிச் சொல்ல முடியும்?"

திருகு கழற்றப்பட்டு, துணியில் சுற்றி முத்திரை வைத்து, இரும்புப் பெட்டியில் பூட்டப்பட்டது. பலகை பழையபடி படுத்தது. வரைவாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். அலமாரியில் துறையின் விதித் தொகுப்பின் தடிதடியான பாகங்கள் பல இருந்தன. எடுத்துப் பலகைக்கு அடியில் அண்டக் கொடுத்தார். பலகை ஓரளவு நிமிர்ந்தது. விதிகள் அச்சாகி வந்த நாளிலிருந்து ஒரு மனிதனுக்கு அவற்றால் உபகாரம் நடந்தது அதுதான் முதல் தடவை.

அதுவும் நிலைக்கவில்லை. மேசையின் மதிப்பைத் தீர்மானிக்கக் குழு அமைக்கப்பட்டது. மேசையை எப்படி மதிப்பிடுவது என்று பார்க்கக் குழுவுக்கு விதித் தொகுப்பு தேவைப்பட்டது. உருவிக்கொண்டு போய்விட்டார்கள்.

குழுவில் தலைமைப் பொறியாளர் தலைவர், கணக்கு அதிகாரி உறுப்பினர், கண்காணிப்பாளர் செயலர். வரைவாளரைச் சேர்க்கவில்லை. "அந்த மேசையில வேலை செய்றவர் மேசைக்கு வேண்டியவர். வேண்டியவங்க மதிப்புப் போட்டா ஊர் என்ன பேசும்?" என்று கணக்கு அதிகாரி சொன்னதை மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த மேசையில் ஒரு கோடுகூடப் போட்டதில்லை என்கிற தகுதி மூவருக்குமே இருந்தது.

பொருளை வைத்துக்கொண்டுதான் மதிப்பிட வேண்டும் என்பதால் கூட்டம் வரைவாளரின் அறையிலேயே நடந்தது. அவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேசையின் மேல் டீ வைக்கப்பட்டது. வரைவாளர் படத்தைத் தரையில் விரித்து, மண்டியிட்டுக் குனிந்து வரைந்தார். கூட்டம் ஒரு நாளில் முடிகிற கூட்டமில்லை.

"தேய்மானம்னு ஒன்னு இருக்கு," என்றார் கணக்கு அதிகாரி. "வருஷா வருஷம் கழிச்சுக்கிட்டே வந்தா இந்த மேசை எப்பவோ தீர்ந்துபோச்சு. கணக்குப்படி இங்க மேசையே இல்ல." இரண்டு முழங்கைகளையும் அந்த இல்லாத மேசையின் மேல் ஊன்றிக்கொண்டுதான் சொன்னார்.

தலைமைப் பொறியாளருக்கு இது பிடிக்கவில்லை. "என்ன பேசறீங்க நீங்க? ஊர்ல இருக்கிற தண்ணித் தொட்டி, ஆஸ்பத்திரி, கோர்ட்டு எல்லாம் இந்தப் பலகையில பொறந்தது. நானே இது பக்கத்துல நின்னு எத்தனை படத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். அதுக்கெல்லாம் ஒரு விலை சொல்ல முடியுமா?"

நல்ல மனிதர், உருக்கமாகத்தான் சொன்னார். தரையில் ஆஸ்பத்திரியின் புதிய பிரிவுக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்த மனிதரைத் தாண்டிப் போகும்போது படத்தை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்துத்தான் போனார்.

கண்காணிப்பாளர் யாருடைய மனத்தையும் நோகடிக்காதவர். இரண்டு கருத்தையும் ஏற்றுக்கொண்டார். மேசைக்கு மதிப்பு ஒன்றும் கிடையாது. அதே சமயம் அதற்கு விலை சொல்லவே முடியாது. இதுதான் முடிவு.

"அப்ப திருகு சார்?" என்று தரையிலிருந்து கேட்டார் வரைவாளர்.

"ஒன்னுமில்லாததுல பாதி என்ன? ஒன்னுமில்ல. அதுக்குள்ள திருகு வராது," என்றார் கணக்கு அதிகாரி.

"விலை சொல்ல முடியாததுன்னு ஐயா சொன்னாங்களே, அதுல பாதி?"

"அப்பேர்ப்பட்ட மேசையில சைக்கிள் திருகு போடறதா?" என்றார் தலைமைப் பொறியாளர். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

அதற்குள் வெயில் காலம் வந்துவிட்டது. பென்சில் கையிலிருந்து விழ ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது விழுந்தது, வரைவாளர் எடுத்துக்கொண்டார். பிறகு விழுந்த பிறகும் விரல்கள் அதைப் பிடித்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தன. காலையில் சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட்டாள்.

"கேட்டுக்கிட்டே இருங்க," என்றாள். "வாய விட்டுக் கேளுங்க. நீங்க கேக்கற தொனியில கேட்டா யாரும் தர மாட்டாங்க."

அவரும் கேட்டார். அதன் பலனாகப் புது மேசை வாங்குவது என்று முடிவாயிற்று. அதைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு. அதே மூவர்தான், இந்த முறை கணக்கு அதிகாரி செயலர், கண்காணிப்பாளர் உறுப்பினர். துறை முழுவதற்கும் பயன்படப்போகிற மேசை என்று யாரோ சொல்லிவிட்டதால் எல்லாப் பிரிவிடமும் கருத்துக் கேட்டார்கள். தபால் பிரிவு பூட்டுடன் இழுப்பறை கேட்டது. காவலாளி, ஆள் நீட்டிப் படுக்கிற நீளம் இருந்தால் நல்லது என்றார். வரைவாளர், சாய வேண்டும் என்றார். எல்லாக் கருத்துகளும் சமமாக மதிக்கப்பட்டன.

மேசை விற்கிற நிறுவனத்தின் ஆள் மாதிரிக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழவழவென்று, ஒரு கையால் தூக்கினாலே சாய்கிற பலகை. குழு சுற்றி உட்கார்ந்தது, டீ வந்தது. விற்பனையாளர் "இப்பப் பாருங்க சார்" என்று பலகையை உயர்த்தினார். மூன்று டம்ளரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கு அதிகாரியின் மடிக்குப் போய்ச் சேர்ந்தன.

கணக்கு அதிகாரி எழுந்து அசையாமல் நின்றார். தலைமைப் பொறியாளர்தான் பேசினார்.

"இதுல ஒரு பெரிய குறை இருக்கு. சாயுது."

"சாயறதுக்குத்தான் சார் செஞ்சிருக்கு."

"ஓகோ. தெரிஞ்சே செஞ்சிருக்கீங்க."

ஓரமாக நின்றிருந்த வரைவாளர் இரண்டு அடி முன்னால் வந்தார். "ஐயா, எனக்குச் சாஞ்ச பலகைதான் வேணும். கழுத்து நரம்பு நசுங்குதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இப்பவே பாதிக் கை மரத்துப்போச்சு. இன்னும் தள்ளிப்போட்டா கை போயிடும்."

தலைமைப் பொறியாளர் அவர் தோளில் கை வைத்தார். "நீங்க உங்க கழுத்தப் பாக்கறீங்க. தப்பில்ல. நான் துறையைப் பாக்கணும். இந்தப் பதவிக்கு வந்த நாள்ல இருந்து ஒரு பொருளையும் நான் நகர விட்டதில்ல. ஃபைல் ஆகட்டும், முடிவு ஆகட்டும், மேசையில வெச்சா வெச்ச இடத்துல இருக்கணும். எனக்கு முன்னால இருந்தவர் வெச்ச ஃபைல் இன்னிக்கும் என் மேசையில அவர் வெச்ச மாதிரியே இருக்கு. பலகை சாஞ்சா அதெல்லாம் சரிஞ்சு கீழ வந்துடும். யாராவது எடுத்துப் படிப்பாங்க. அப்புறம் இது நிர்வாகமா?"

மற்ற இருவரும் மெதுவாகத் தலையாட்டினார்கள். கணக்கு அதிகாரியின் கால்சட்டையிலிருந்து இன்னும் டீ சொட்டிக்கொண்டிருந்தது.

சாயாத வரைமேசை ஒன்று வாங்குவது என்று தீர்மானமாயிற்று. விற்பனையாளர் படியில் இறங்கும்போது வரைவாளரைப் பார்த்து நின்றார்.

"சாயாத வரைமேசைன்னா அது சாப்பாட்டு மேசைங்க. அப்படி ஒன்ன எந்தக் கம்பெனியும் செய்யாது. எங்ககிட்ட இருக்கிறதத்தான் அனுப்புவோம். பேர மட்டும் அவங்க கேட்டபடி போட்டுடறோம். நீங்க ஒன்னும் வாயத் திறக்காதீங்க."

வரைவாளர் வாயைத் திறக்கவில்லை. அந்த நிறுவனம் செய்த தவறால்தான் அந்தத் துறைக்கு ஒரு நல்ல பொருள் வந்து சேர்ந்தது. ஆனால் வர வேண்டிய வேகத்தில் வரவில்லை. அனுமதி, மறு அனுமதி, மாடிப்படியின் அகலத்தை அளக்க ஒரு துணைக்குழு என்று இன்னொரு மழைக்காலமும் போய்விட்டது. வரைவாளர் படுத்த பலகையில் குனிந்து ஆஸ்பத்திரிப் படத்தை முடித்தார். கடைசித் தாள்களில் பென்சிலை விரலோடு ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக்கொண்டு வரைந்தார்.

மேசை வந்தபோது தொடக்க விழா வைத்தார்கள். தலைமைப் பொறியாளர் பேசினார். சோர்ந்துபோகாமல் ஒரு மேசைக்காக ஒரு துறை இவ்வளவு காலம் உழைத்தது வேறெங்கும் நடந்திருக்காது என்றார். அதில் பொய் இல்லை. பிறகு, முதல் கோட்டை வரைவாளர் போட வேண்டும் என்று அழைத்தார்.

வரைவாளர் உட்கார்ந்தார். இடது கையால் பலகையின் ஓரத்தைத் தூக்கினார். பலகை சத்தமில்லாமல் எழுந்து, முகத்துக்கு நேராக வந்து நின்றது. சாய்கிறதே என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவர் காதில் அது விழவில்லை. கழுத்து நேராக இருந்தது, தோள் இறங்கியிருந்தது, தாள் கண்ணுக்கு எதிரே வெள்ளையாக இருந்தது. எவ்வளவு அருமையான மேசை என்று நினைத்தார்.

இடது கையால் ஸ்கேலைப் பிடித்து, வலது கையால் கோட்டைப் போட்டார். பென்சில் பாதி தூரம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் ஸ்கேலைவிட்டு மேலே ஏறி, தடுமாறி, கீழே இறங்கி, ஓர் இடத்தில் நின்றுவிட்டது. பென்சில் விரலைவிட்டு நழுவியது அவருக்குத் தெரியவில்லை. கை தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது.

எல்லோரும் கிட்டே வந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்கள்.

"நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார் தலைமைப் பொறியாளர். "பலகை சாஞ்சா கோடு கோணும்னு. யாரும் கேக்கல."

"மேசை நல்ல மேசை ஐயா," என்றார் வரைவாளர். சத்தமாகத்தான் சொன்னார், அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. "மேசையில ஒரு குறையும் இல்ல. என் கைதான் போயிடுச்சு."

கணக்கு அதிகாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தலைமைப் பொறியாளர் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காதபடி, பிரியமாகவே சொன்னார்.

"உணர்ச்சிவசப்படாதீங்க. யோசிச்சுப் பாருங்க. மேசையில குறைன்னா கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிடலாம். கையில குறைன்னா அதை நான் எங்க அனுப்புறது?"

வரைவாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்காணிப்பாளர் ஒரு தாளை நீட்டினார். இந்தக் கோடு இந்த மேசையின் மேல் போடப்பட்டது என்று மட்டும் அதில் இருந்தது. உண்மைதானே என்றார். உண்மைதான். வரைவாளர் கையெழுத்துப் போட்டார். கண்காணிப்பாளர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்து மாதிரி இல்லையே."

"கை வரமாட்டேங்குதுன்னுதானே சார் சொல்றேன்."

"கைய நான் பாக்க முடியாது. கையெழுத்து ஒத்துப்போகுதான்னுதான் பாக்க முடியும். ஒத்துப்போகலேன்னா கைநாட்டு வெக்கணும்."

மைப்பெட்டி வந்தது. கண்காணிப்பாளரே வரைவாளருடைய வலது கட்டைவிரலைப் பிடித்து, மையில் தோய்த்து, தாளில் வைத்து உருட்டினார். ஊரின் பாதியை வரைந்த மனிதர் எழுதப் படிக்கத் தெரியாதவராக அந்த மாடியிலிருந்து இறங்கினார். அவருக்கு முன்னால் இரண்டு பேர், கம்பெனிக்குத் திரும்பிப் போகிற அந்த மேசையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் அது இடித்துவிடாமல் அவர் இடது கையால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி விரலில் இருந்த மையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். அவர் நடந்ததை முழுசாகச் சொன்னார். அவள் உள்ளே போய் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து, அவர் கையை அதில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"தண்ணி ரொம்பச் சூடா இருக்குதாங்க?" என்று, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"இல்ல. இதமான சூடுதான்."

அது குழாய்த் தண்ணீர். அவள் அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. மை போன பிறகும் அந்த விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.